மூன்று கிராம் எண்ணெய்

மதுரை ஆனையூரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மொட்டைமாடிகளில் ஆள் நடமாட்டம் கூடிவிடும். காயப்போட்ட துணியை எடுக்க வருபவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் செல்போனோடு சிக்னல் தேடி ஏறியவர்கள். அவர்களில் கல்லூரிக் கடைசி வருஷப் பிள்ளைகளைத் தனியாக அடையாளம் கண்டுவிடலாம். தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒதுங்கி, ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, விறைப்பாக நிற்பார்கள். சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ வந்திருக்கும் அழைப்பு அது. ‘டெலிபோனிக் ரவுண்டு’ என்பார்கள்.

முதல் கேள்வி ஊருக்கே தெரிந்தது: ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்.’ பெயர், ஊர், அப்பா என்ன செய்கிறார், படித்தது என்ன, பொழுதுபோக்கு என்ன என்று மனப்பாடம் செய்த பதில் மூச்சுவிடாமல் வந்து விழும். சிக்கல் அதற்கப்புறம்தான். மறுமுனையில் இருப்பவர் சும்மா பேச்சுக்கு, ‘உங்கள் ஊரில் மழையெல்லாம் எப்படி?’ என்று கேட்டுவைப்பார். மனப்பாடத்தில் மழை இல்லை. மாடியில் சத்தம் நின்றுபோகும்.

பள்ளியில் 12 ஆண்டு ஆங்கிலம், கல்லூரியில் பகுதி இரண்டு ஆங்கிலம். மதிப்பெண் பட்டியலில் குறை சொல்ல முடியாத எண்ணிக்கை. ‘தி இந்து’வைக் கொடுத்தால் படித்துப் பொருள் சொல்லிவிடக்கூடிய பிள்ளைதான். வாயைத் திறக்கச் சொன்னால் மட்டும் வராது.

இந்த நிலைமைக்குத் தமிழில் தனிப்பெயர் இல்லை. சீன மொழியில் இருக்கிறது. ‘யாபா யிங்யூ’ என்கிறார்கள். ஊமை ஆங்கிலம் என்று பொருள். படிப்பான், எழுதுவான், தேர்வில் தேறுவான், பேச மாட்டான். பெயரே வைத்துவிட்டார்கள் என்றால் அங்கே நோய் எவ்வளவு பரவலாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான ‘காவ்காவ்’இல் பொதுவாக மொத்தம் 750 மதிப்பெண். அதில் ஆங்கிலத்துக்கு 150. கல்லூரிக்குள் போன பிறகு 1987இல் தொடங்கிய நான்காம் நிலை கல்லூரி ஆங்கிலத் தேர்வும், 1989இல் வந்த ஆறாம் நிலைத் தேர்வும் காத்திருக்கும். காதால் கேட்டு எழுதுவதும், படித்துக் குறிப்பதும், கட்டுரை வரைவதுமே அவற்றின் உடம்பு. பேச்சுத் தேர்வு தனியாக, விருப்பப்பட்டவர்கள் போய்க் கலந்துகொள்வது. கோடிக்கணக்கான பிள்ளைகள் எதற்கு மதிப்பெண் உண்டோ அதைப் படித்தார்கள். இதில் அவர்களைக் குறைசொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது.

அங்கே பள்ளிப் பிள்ளைகளிடம் பழைய தந்திரம் ஒன்று உண்டு. ஆங்கிலச் சொல்லின் மேலே அதேபோல் ஒலிக்கும் சீன எழுத்துகளை எழுதிவைத்துக்கொள்வது. ‘தேங்க் யூ’வுக்கு எழுதுவது ‘சான் க யோவ்’. சீனத்தில் அதற்கு ‘மூன்று கிராம் எண்ணெய்’ என்று அர்த்தம். இன்றைக்கு அது கேலியாகவே புழங்குகிறது. நண்பனுக்கு நன்றி சொல்ல எண்ணெய் அளந்து கொடுப்பார்கள்.

நம் பிள்ளைகளின் ஆங்கிலப் புத்தகத்தைப் புரட்டினால் அதே எண்ணெய் வழியும். ‘வாட் ஆர் யூ டூயிங்’ என்று வரிக்கு மேல் பென்சிலில் தமிழ். முப்பது நாளில் ஆங்கிலம் பேசவைக்கும் புத்தகங்களையோ மூன்று பத்தியாகவே அச்சடிப்பார்கள்: ஆங்கிலம், தமிழ் உச்சரிப்பு, தமிழ்ப் பொருள். பேருந்து நிலையக் கடைகளில் தலைமுறை தலைமுறையாக விற்கும் புத்தகங்கள். அந்த நடுப்பத்தியில்தான் வில்லங்கம். அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரே பெட்டியில் வந்த வாத்தியார்கள்

மதுரைக்கும் சீனாவின் ஷான்சி மாகாணத்தில் இருக்கும் தைகு என்ற சிற்றூருக்கும் என்ன தொடர்பு? இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்துதான் ஆங்கில வாத்தியார்கள் வந்தார்கள்.

அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் இங்கே கால் வைத்தது. அதன் கிளையாக 1881இல் பசுமலையில் தொடங்கிய கல்லூரிதான் பின்னால் தல்லாகுளத்துக்கு இடம் மாறி அமெரிக்கன் கல்லூரியாக நிற்கிறது. அந்த மிஷனை அனுப்பிய அதே அமெரிக்க வாரியம், 1880களின் தொடக்கத்தில் ஒஹாயோ மாநிலத்தின் ஒபர்லின் கல்லூரிக்காரர்களை ஷான்சிக்கும் அனுப்பியது. அங்கே கதை வேறு மாதிரி முடிந்தது. 1900இல் வெளிநாட்டாரை எதிர்த்து எழுந்த பாக்ஸர் கிளர்ச்சியில் மிஷனரிகள் குடும்பத்தோடு கொல்லப்பட்டார்கள். அவர்கள் நினைவாக 1903இல் ஒபர்லினில் ஒரு வளைவு எழுப்பப்பட்டது. பட்டமளிப்பு நாளில் மாணவர்கள் அதன் வழியாக நடந்துபோவது வழக்கம். பின்னாளில், ஏகாதிபத்தியத்தின் நினைவுச் சின்னத்துக்குள் நுழைய மாட்டோம் என்று வளைவைச் சுற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டானார்கள்.

தைகுவில் பிறந்து, ஒபர்லினில் 1906இல் பட்டம் பெற்ற எச்.எச்.குங் ஊர் திரும்பி மிங்ஷியன் என்ற பள்ளியை நடத்தினார். பின்னால் சீனாவின் நிதியமைச்சராகவும், சியாங் கை ஷேக்கின் சகலையாகவும் ஆனவர் அவர். அந்தப் பள்ளியைத் தாங்குவதற்காக 1908இல் ஒபர்லினில் தொடங்கியதுதான் ‘ஷான்சி’ நினைவுச் சங்கம். முதல் உலகப்போர் முடியும் காலத்திலிருந்து, பட்டம் முடித்த கையோடு இளைஞர்கள் தைகுவுக்குக் கப்பலேறி ஆங்கிலம் கற்பித்தார்கள். ஜப்பானியப் படை வந்தபோது பள்ளி சிச்சுவானுக்கு இடம்பெயர்ந்தது. 1949 புரட்சிக்குப் பிறகு அமெரிக்கர்களுக்கு அங்கே வேலையில்லை. பள்ளி அரசின் கைக்குப் போய், அந்த வளாகம் பின்னாளில் ஷான்சி வேளாண் பல்கலைக்கழகமாயிற்று.

சங்கத்திடம் பணம் இருந்தது, அனுப்ப ஆட்கள் இருந்தார்கள், போக ஊர் இல்லை. அப்போதுதான் பார்வை வேறு பக்கம் திரும்பியது. தைவானின் துங்ஹாய் பல்கலைக்கழகம் ஒன்று; மதுரை இன்னொன்று. அமெரிக்கன் கல்லூரிக்கும், கேட்டி வில்காக்ஸ் 1948இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரிக்கும் ஒபர்லின் இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள். 1979இல் சீனாவும் அமெரிக்காவும் தூதரக உறவு கொண்டபின் தைகுவின் கதவும் மறுபடி திறந்தது. அதற்கப்புறம் ஒரே சங்கம் தேர்ந்தெடுத்த நண்பர்களில் ஒருவருக்கு மதுரையின் வெயில், இன்னொருவருக்குத் தைகுவின் குளிர். இருவருக்கும் ஒரே வேலை: பேசாத பிள்ளைகளைப் பேசவைப்பது.

பெரும்பாலும் 22, 23 வயதுக்காரர்கள். ஆசிரியப் பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. வரலாறோ உயிரியலோ படித்திருப்பார்கள். இவர்களிடம் இருந்த பெரிய தகுதியைக் குறையாகவும் சொல்லலாம்: வந்த புதிதில் உள்ளூர் மொழி தெரியாது. நம் பேராசிரியர் ஒருவர் வகுப்பில் ஆங்கிலத்தில் கேட்டால், மாணவருக்குத் தமிழ் என்ற பின்வாசல் திறந்தே இருக்கும். தமிழ் தெரியாத ஒருவர் எதிரில் உட்கார்ந்து ‘டீக்கடை எங்கே இருக்கிறது?’ என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டால் வாசல் அடைபட்டுவிடும். சொல்லித்தான் ஆகவேண்டும்.

இதையே வெள்ளைத் தோல் மகிமை என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. சீனாவின் வேலை அனுமதி விதிகள் ஆங்கில ஆசிரியர் என்றால் பொதுவாக ஆங்கிலம் தாய்மொழியான நாடுகளின் குடிமக்களைத்தான் கேட்கின்றன. அந்த வரிசையில் இந்தியா வராது. இருபது ஆண்டுகள் ஒலியியல் கற்பித்த மதுரைப் பேராசிரியை சிரமப்பட வேண்டிய இடத்தில், கல்லூரியைவிட்டு இப்போதுதான் வெளியே வந்த அயர்லாந்துப் பையன் சுலபமாக நுழைந்துவிடலாம். ஆனால் பேசுவதைக் கற்றுக்கொடுக்க, தானே அந்த மொழியைத் தட்டுத்தடுமாறிக் கற்றவர்தான் பல நேரங்களில் பொருத்தமான ஆள். நாக்கு எங்கே முட்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.

வல்லினம் ஈற்றில் நிற்காது

நாக்கு எங்கே முட்டும் என்பதை நம்மிடம் மிகத் துல்லியமாகச் சொல்லிவைத்திருக்கிறது ஒரு நூல். ஆங்கிலமே பிறக்காத காலத்துத் தொல்காப்பியம்.

தமிழ்ச் சொல் எந்த எழுத்தில் தொடங்கலாம், எதில் முடியலாம் என்று அது வரையறுக்கிறது. வல்லின மெய் எதுவும் சொல்லின் கடைசியில் நிற்காது. க், ச், ட், த், ப், ற் என்று முடிய வேண்டியிருந்தால் குட்டி உகரம் ஒன்றைக் கூட்டிக்கொள்ளும். பாக்கு, காசு, வீடு எல்லாம் அப்படித்தான். ஆகவேதான் ‘புக்’ நமக்குப் புக்கு, ‘கப்’ கப்பு, ‘பேங்க்’ பேங்க்கு. ஊர்க்காரர்கள் படிப்பறிவில்லாமல் இப்படிச் சொல்வதாகச் சிரிப்பவர்கள் கவனிக்க: அவர்கள் சுத்தமான இலக்கண விதிப்படி பேசுகிறார்கள். குற்றியலுகரம் இரண்டாயிரம் ஆண்டுகளாக அவர்கள் நாக்கில் உட்கார்ந்திருக்கிறது. சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து நிற்பதும் நமக்கு ஆகாது. ‘ஸ்கூல்’ என்பதற்கு முன்னால் ஓர் இகரம் தானாக வந்து உட்கார்ந்து இஸ்கூல் ஆகும்.

சீன நாக்கிலும் கிட்டத்தட்ட இதே விதி. பொதுச் சீன மொழியில் ஓர் அசை உயிரில் முடியலாம். ன், ங் போன்ற மூக்கொலியில் முடியலாம். நாக்கு மடங்கும் ஒரு ரகரத்தில் முடியலாம். வல்லினத்தில் முடிய வழியில்லை. பேருந்தைக் குறிக்க அவர்கள் இரவல் வாங்கிய சொல் ‘பாஷி’. நம்முடைய ‘பஸ்ஸு’வுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். தைகு மாணவர் ‘ஸ்கூல்’ சொல்லும்போது நாம் வாசலில் போடும் உயிரை அவர் நடுக்கூடத்தில் போட்டு ‘சு-கூல்’ என்பார்.

வேறு இடங்களில் பாதை பிரிகிறது. ‘திங்க்’ என்ற சொல்லை அவர் ‘சிங்க்’ என்றாக்கி, யோசிக்கிறேன் என்பதற்கு மூழ்குகிறேன் என்று சொல்லிவிடுவார். நமக்குத் தகரம் இருக்கிறது; அது ஆங்கில ஒலி இல்லையென்றாலும் யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. மாறாக, ஃபகரம் அவருக்குத் தாய்மொழியிலேயே உண்டு, நமக்கு இல்லை. குடிக்கும் காபியும், தேர்வில் அடிக்கும் காப்பியும் நம் வாயில் பக்கத்து வீட்டுக்காரர்கள். ‘அவன்’, ‘அவள்’ இரண்டுக்கும் சீனப் பேச்சில் ‘தா’ என்று ஒரே ஒலி. ஆகையால் நன்றாகப் பேசும் சீன மாணவர்கூட அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போகும்போது நடுவில் ‘ஹி’ என்று ஆணாக்கிவிடுவார். தமிழ்ப் பிள்ளைக்கு இந்தத் தடுமாற்றம் அரிது.

இன்னொன்று மிக நுட்பமானது. ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் வரும் பகரத்தோடு ஒரு சிறு காற்றும் வெளியேறும். ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு ‘பேப்பர்’ என்று சொல்லச் சொல்வது உலகமெங்கும் ஆசிரியர்கள் செய்யும் சோதனை. ஆங்கிலேயர் சொன்னால் காகிதம் துடிக்கும். சீனர் சொன்னாலும் துடிக்கும். அவர் மொழியில் காற்றுள்ள பகரமும் காற்றில்லாத பகரமும் தனித்தனி எழுத்துகள். மதுரைக்காரர் சொன்னால் காகிதம் அசையாமல் நிற்கும். அந்தக் காற்று இல்லாததால் நாம் ‘பின்’ என்று குண்டூசியைக் கேட்டால் ஆங்கிலக் காதில் அது குப்பைத்தொட்டியாக விழக்கூடும். இந்த இரண்டு மாணவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் ஒருவருக்கொருவர் பாதிப் பாடத்தை முடித்துவிடுவார்கள்.

இப்போது அந்த முப்பது நாள் புத்தகத்தின் நடுப்பத்திக்கு வரலாம். ‘பேட்’ என்று தமிழில் எழுதினால் அது எது? கிரிக்கெட் மட்டையா, கெட்டது என்பதா, தட்டிக்கொடுப்பதா, குண்டானவரா? நான்குக்கும் ஆங்கிலத்தில் தனித்தனி ஒலி. நம் எழுத்தில் ஒரே வடிவம். இந்தக் கட்டுரையும் அதே கட்டுக்குள் கைகட்டி நின்றுதான் பேசிக்கொண்டிருக்கிறது என்பதை வாசகர் கவனித்திருப்பார். தமிழுக்கு இது குறையே இல்லை. தமிழை எழுத அது போதும். தமிழ் எழுத்தின் வழியாக ஆங்கிலத்தைக் காதுக்குள் விடுவதுதான் கோளாறு. மூன்று கிராம் எண்ணெயும் அதே கோளாறுதான்.

எங்கே அழுத்துவது?

ஒவ்வோர் ஒலியையும் திருத்திக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. எதைத் திருத்தினால் கேட்பவருக்குப் புரியும்?

ஹைதராபாதின் மத்திய ஆங்கில நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்.கே.பன்சால் இந்திய ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு புரிகிறது என்று ஆராய்ந்து 1969இல் நூலாக வெளியிட்டார். புரியாமல் போவதற்கு அவர் முக்கியக் காரணமாகக் காட்டியவற்றில் ஒன்று, சொல்லில் அழுத்தம் தவறான அசையில் விழுவது. ‘போட்டோகிராஃப்’ என்றால் முதல் அசையில் அழுத்த வேண்டும். ‘போட்டோகிராஃபர்’ என்றால் இரண்டாம் அசைக்கு நகரும். ‘போட்டோகிராஃபிக்’ என்றால் மூன்றாவதற்கு. நம் ஊர் ஸ்டூடியோக்காரர் மூன்றையும் ஒரே தட்டையில் சொல்வார். ‘ஹோட்டல்’ என்று நாம் தலையில் குட்டிச் சொல்லும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் வால் கனம்.

வாக்கியத்திலும் இதே கதை. தமிழில் ஒவ்வோர் அசைக்கும் ஏறக்குறைய அதற்குரிய நேரம் கிடைத்துவிடும். குறில் நெடில் கணக்கு உண்டே தவிர, ஓர் அசையை விழுங்கிவிடும் வழக்கம் குறைவு. ஆங்கிலம் தாளக்காரன் மொழி. ‘பாய்ஸ் வாண்ட் ரைஸ்’ என்பதற்கு மூன்று தட்டு. ‘த பாய்ஸ் ஹேவ் வாண்டட் த ரைஸ்’ என்று நீட்டினாலும் அதே மூன்று தட்டுக்குள் அடக்கப் பார்ப்பார்கள். நடுவில் வருபவை நசுங்கிப்போகும். இதற்கு ஆசிரியர்கள் கையாளும் கருவி மிக எளிது: ஒரு ரப்பர் பேண்டு. அழுத்தம் வரும் அசையில் இழுப்பது, மற்றதில் விடுவது. தொடையில் தாளம் போட்டுப் பழகிய ஊரில் ரப்பர்கூட வேண்டாம்.

மொழியியலாளர் ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல் வெளியிட்ட நூல் இந்த விவாதத்தை வேறு திசைக்குத் தள்ளிவிட்டது. இன்று ஆங்கிலத்தில் பேசிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலேயரிடம் பேசுவதில்லை. கொரியர் பிரேசில்காரரிடம், தமிழர் சீனரிடம் பேசுகிறார்கள். இவர்களுக்குள் புரிதல் கெடாமலிருக்க எது அவசியம் என்று அவர் பட்டியலிட்டார். குறில் நெடில் வேறுபாடு வேண்டும். சொல்லின் தொடக்கத்து மெய்க்கூட்டம் சிதையக்கூடாது. வாக்கியத்தில் முக்கியச் சொல் அழுத்தப்பட வேண்டும். ‘திங்க்’கின் தகரமோ, லண்டன் ராகமோ அவசியமில்லை. குறில் நெடில் என்றதும் தமிழ்ப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரலாம். ‘ஷிப்’, ‘ஷீப்’ வேறுபாட்டில் உலகமே தடுமாறும்போது நமக்கு அது ஒன்றாம் வகுப்புப் பாடம்.

‘சாப்பிடலையா?’

ஒலி சரியானாலும் உரையாடல் வந்துவிடாது. தைகுவிலும் மதுரையிலும் அமெரிக்க வாத்தியார் முதல் நாளிலேயே சந்திக்கும் கேள்வி ஒன்றுதான்: சாப்பிட்டாயா? சீனத்தில் ‘ச்சர் ல மா?’. மதுரையில் ‘சாப்பிட்டீங்களா சார்?’ விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும் புதியவர், மெல்ல மெல்லத்தான் இது வெறும் வணக்கம் என்று அறிவார். ஆங்கிலேயர் அதே இடத்தில் வானிலையைப் பேசுவார். மாடியில் நின்ற பிள்ளைக்கு மழைக் கேள்வி வில்லங்கமாகத் தெரிந்ததும் இதனால்தான். அது கேள்வியே இல்லை, ‘சாப்பிட்டாச்சா’ வகையறா.

எதிர்மறைக் கேள்வி வந்தால் இன்னும் வேடிக்கை. ‘நீங்க சாப்பிடலையா?’ என்றால் நாம் ‘ஆமா, சாப்பிடல’ என்போம். கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு அந்த ‘ஆமா’. சீனரும் அப்படியே. ஆங்கிலம் நடந்ததை மட்டும் பார்க்கும்: சாப்பிடவில்லையென்றால் ‘நோ’. ‘யூ டோன்ட் ஹேவ் எக்ஸ்பீரியன்ஸ்?’ என்று நேர்காணலில் கேட்டதும் பணிவாக ‘யெஸ்’ என்றவர்கள் எத்தனை பேரோ. அனுபவம் இருக்கிறதா இல்லையா என்று எதிரிலிருப்பவர் விழிப்பார்.

யோசிக்கும் நேரத்தை நிரப்பும் ஒலியும் மொழிக்கு மொழி வேறு. நாம் ‘வந்து… வந்து…’ என்போம். சீனர் ‘நெய்க… நெய்க…’ என்பார். அனுபவமுள்ள ஆசிரியர்கள் இலக்கணத்துக்கு முன்னால் இரண்டு மூன்று பிடிகயிறுகளைக் கொடுத்துவிடுவார்கள்: ‘லெட் மீ திங்க்’, ‘சாரி, கேன் யூ சே தட் அகெய்ன்?’ பேச்சு அறுந்துபோகாமல் பிடித்துக்கொள்ள இவை போதும். தவறில்லாத வாக்கியம் கிடைக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதே பிள்ளைகளுக்கு நாம் கற்பித்த பாடம். அதைத்தான் முதலில் மறக்கடிக்க வேண்டியிருக்கிறது.

வெட்கத்தைப் போக்கச் சீனாவில் ஒருவர் கண்டுபிடித்த வழி, கத்துவது. லான்ஜோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் தேர்வில் தோற்றுக்கொண்டிருந்த லி யாங், வெட்டவெளியில் நின்று ஆங்கில வாக்கியங்களை உரக்கக் கத்திப் படித்தார், கூச்சம் விட்டுப்போயிற்று. 1990களில் அதையே ‘கிரேஸி இங்கிலீஷ்’ என்று வணிகமாக்கி, மைதானங்களில் ஆயிரக்கணக்கானவர்களைக் கத்தவைத்தார். 2011இல் மனைவியை அடித்த விவகாரம் வெளியாகிப் புகழ் கவிழ்ந்தது தனிக்கதை. அந்த முறையில் உச்சரிப்பு திருந்தியதோ இல்லையோ, தொண்டை திறந்தது. சத்தமாகப் பேச மதுரைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாலமன் பாப்பையா தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஊர், பட்டிமன்றத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோன ஊர். ஆங்கிலம் என்றதும் அதே தொண்டை எங்கே போய் ஒளிகிறது என்பதுதான் கேள்வி. சாலமன் பாப்பையா தமிழ்ப் பேராசிரியராக இருந்த ஊர், பட்டிமன்றத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோன ஊர்.

கத்தலைவிட மென்மையான இன்னொரு வழியும் சீனாவில் உண்டு. ‘ஆங்கில மூலை’ என்பார்கள். 1970களின் கடைசியில் ஷாங்ஹாயின் பூங்காவில் தானாகக் கூடிய கூட்டம் அது. பெய்ஜிங்கின் ரென்மின் பல்கலைக்கழகத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடும் மூலை பேர்போனது. ஆசிரியர் கிடையாது, கட்டணம் கிடையாது. முன்பின் தெரியாதவர்கள் அரைகுறை ஆங்கிலத்தில் அரட்டை அடிப்பார்கள். தவறைத் திருத்த யாருமில்லாததுதான் அதன் வசீகரம்.

மதுரையில் அப்படி ஒரு மூலை, கோயிலுக்கு எதிரிலேயே இருந்தது. புது மண்டபத்துத் தையற்காரர்கள். கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. வெளிநாட்டுப் பயணியை நிறுத்தி, அவர் போட்டிருக்கும் சட்டையைப் போலவே இரண்டு மணி நேரத்தில் இன்னொன்று தைத்துத் தருவதாகப் பேசி முடிக்கும் ஆங்கிலத்தை எந்தக் கல்லூரியும் கற்பித்ததில்லை. வினைச்சொல் காலம் மாறும், ஒருமை பன்மை போகும், சட்டை விற்றுவிடும். ‘சாரி’ கேட்கவும், திரும்பக் கேட்கவும், விலையில் விட்டுக்கொடுக்காமல் சிரிக்கவும் அவர்களுக்குத் தெரியும். சௌராஷ்டிர வீடுகளைப் பாருங்கள்: வீட்டுக்குள் ஒரு மொழி, தெருவில் தமிழ். குழந்தைகள் இரண்டையும் எந்த நோட்ஸும் வாங்காமல் பேசுகின்றன.

வேலை ஒன்றைக் கொடு, மொழி பின்னால் வரும் என்பதை நம் பக்கத்திலேயே பரிசோதித்துப் பார்த்தவர் என்.எஸ்.பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த அவர் 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் இலக்கணத்தை ஓரமாக வைத்துவிட்டு, ரயில் அட்டவணையைப் பார்த்து வழி சொல்வது, வரைபடத்தை வைத்துக் கணக்குப் போடுவது போன்ற வேலைகளை ஆங்கிலத்தில் செய்யவைத்தார். உலகெங்கும் மொழியாசிரியர்கள் இன்று படிக்கும் பரிசோதனை அது. அதற்கு இருபது ஆண்டு முன்னால், 1959இல் ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்ற பெயரில் 27,000 ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்சி தரும் பெருந்திட்டம் இங்கே ஓடியது. பனிப்பந்து உருளும்போது பெரிதாகும் என்ற கணக்கு. மெட்ராஸ் வெயிலில் அந்தப் பெயரை வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் கல்லூரிகளுக்குள் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியைக் கொண்டுவந்திருக்கிறது. மொழிக்கூடம், ஹெட்போன் எல்லாம் வரட்டும். கணக்கு மட்டும் உதைக்கிறது. வகுப்பில் 60 பேர், பாடவேளை 50 நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், வாத்தியார் வாயே திறக்காவிட்டாலும் ஆளுக்கு ஒரு நிமிஷம் தேறாது. பக்கத்தில் இருப்பவரோடு ஜோடி ஜோடியாகப் பேசவிட்டால் அதே 50 நிமிஷத்தில் ஆளுக்கு 25 நிமிஷம். இரைச்சல் வரும். பக்கத்து வகுப்புக்காரர் எட்டிப்பார்ப்பார். அந்த இரைச்சலைத் தாங்கிக்கொள்ளும் துறைத்தலைவர் அமைவது பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

திரும்ப ஆனையூர்

2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்வதற்குமுன் தனி நகராட்சியாக இருந்த ஊர் ஆனையூர். கூடல்நகர் ரயில் நிலையம் ஒரு பக்கம்; திண்டுக்கல் சாலையில் ஃபாத்திமா கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகளைத் தினமும் அனுப்பிவைக்கும் தெருக்கள் இன்னொரு பக்கம். இங்கேயே இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. 2021 முதல் அரசு அதை மறுவாழ்வு முகாம் என்கிறது.

முகாம் வாசலில் நின்று கேட்டால், இத்தனை நேரம் பேசியதற்கு ஓர் உயிருள்ள பாடம் கிடைக்கும். வெளியே கடையில் இருப்பவருக்கு ‘டாக்டர்’, ‘காலேஜ்’. உள்ளே இருக்கும் பாட்டிக்கு ‘டொக்ரர்’, ‘கொலிஜ்’. ஆங்கிலேயர் அரைவட்டமாக உதட்டைக் குவித்துச் சொல்லும் அந்தக் குறுகிய உயிரொலிக்கு யாழ்ப்பாணத்து ஒகரம், மதுரையின் ஆகாரத்தைவிட நெருக்கம். இங்கே ‘டீச்சர்’ என்பது அங்கே ‘ரீச்சர்’. எழுதுவது ரகரம், ஒலிப்பது வேறு. ‘காற்று’, ‘வெற்றி’ என்ற சொற்களில் வரும் இரட்டை றகரத்தை நாம் பேச்சில் காத்து, வெத்தி என்று மாற்றிவிட்டோம். ஈழத்தார் பழைய ஒலியைக் காப்பாற்றிவைத்தார்கள்: நுனிநாக்கு பல்லுக்குச் சற்று மேலே உள்ள முகட்டைத் தொடும் ஒலி. ஆங்கிலத்தின் ‘டீ’யும் சரியாக அந்த இடத்தில்தான் பிறக்கிறது. நம்முடைய டகரத்துக்கு நாக்கு பின்னால் மடங்கிவிடும். கனடா நகரத்தை அவர்கள் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவதைப் பார்த்துச் சிரிக்கும் நாம், ‘டொரண்டோ’ என்று நாக்கை மடித்துச் சொல்கிறோம். ஆங்கிலக் காதுக்கு அவர்களுடையதே கிட்டம். காசு கட்டி உச்சரிப்புப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு நாக்கை மடக்காதே, மடக்காதே என்று வாரக்கணக்கில் சொல்லித்தர வேண்டியிருக்கிற அதே ஒலி, இங்கே பாட்டியின் வாயில் சும்மா கிடக்கிறது.

இங்கேயே பிறந்து வளரும் முகாம் பிள்ளைகளுக்கு இரண்டு பேச்சும் தெரியும். வீட்டுக்குள் ‘ரீச்சர்’. பள்ளிக்கூட வாசல் வந்ததும் நாக்கை மடித்து ‘டீச்சர்’.